திருநாளைப்போவார் சரிதமும் படிப்போர் கருத்தும்

நூலொன்றினைப் பற்றி ஒருவர் கருத்துரைக்குங்கால், அக்கருத்து அந்நூலைப் பயின்றதனால் எழுந்ததோ, அந்நூலின் பெயரால் உலகில் வழங்கும் பிறிதொன்றைக் கேட்டதனால் எழுந்ததோ என்பது முதற்கண் ஆராயற்பாலது. இவ்வாராய்ச்சியின்றியே புகழ்வாரும் இகழ்வாரும் இந்நாளிற் பல்கியுள்ளனர். இகழ்ச்சியே கேடு தருவது, புகழ்ச்சியால் வருங் கேடு யாதுமில்லை என்பார் உளர். அஃது ஒவ்வாது. பயிலாது புகழ்வோர் ஒரு தலைமுறையிற் கூறி வைத்தவற்றை நம்பியே, பயிலாது இகழ்வோர் அடுத்த தலைமுறையில் எழுகின்றனர். இரு திறத்தார்க்கும் இடையில் நூலோ பேழையிலே கிடக்கின்றது.

சைவ இலக்கியத்துள் இதற்கு எடுத்துக்காட்டாதற்கு மிகவும் உரியது திருநாளைப்போவார் சரிதம். நந்தனார் பெயரை அறியாத தமிழர் அரியர். அவர்தம் சரிதம் சேக்கிழார் பெருமான் அருளியதென்பதையும் பலர் அறிவர். ஆயின் அவர் நெஞ்சில் நிலவும் சரிதமோ, பெரும்பான்மையும், கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் உள்ளதேயாம். முன்னது இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தது, முப்பத்தேழு திருவிருத்தங்களான் இயன்றது. பின்னது அதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு பிற்பட்டது, இசையும் சிந்தும் வசனமும் விரவியது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு, ஒன்றன் பழியை மற்றொன்றன் மேலும், ஒன்றன் புகழை மற்றொன்றற்கும் ஏற்றியுரைத்தல் வழக்கமாய்விட்டது. சில யாண்டுகளுக்கு முன் ஒரு சொற்பொழிவின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து, 'வேதியர் தம் பண்ணையாளாகிய நந்தனாரை வருத்திய பாட்டைச் சேக்கிழார் பாடியது முறையா?' என்று வினவினார். அத்தகைய பாட்டொன்றும் ஆண்டு இல்லை என்றேம். வினவிய இளைஞர் உடனே நம்பினார். முன்வரிசையில் திருநீறு பொலிய வீற்றிருந்த முதியோர் இருவரே நம்பாது தலையசைத்தனர்!

ஆதலின் நூல்களையே முதலில் நோக்குவோம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரைக் குறிக்கும்போது ஊருங் கூறவில்லை, குலமுங் கூறவில்லை. 'செம்மை' என்னும் ஒரு குணத்தையே அடைமொழியாக வைத்துப் போயினார். அத்தொகைக்கு வகையாக எழுந்த நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியில் ஒரு செய்யுள் இவர்க்குரியது. ஊர் ஆதனூர் என்பதும், புலைமை நீங்கி முனிவராயினார் என்பதும், தில்லை மூவாயிரவர் கைகூப்பினர் என்பதும் ஆண்டே முதன்முதற் கேட்கப்படுகின்றன. தீயிடை மூழ்கிய செய்தியோ, திருப்புன்கூர்ச் செய்தியோ அச்செய்யுளில் இல்லை. அவை விரியாகிய திருத்தொண்டர் புராணத்தே காணப்படுவன. தொகை, வகை, விரி என்னும் இம்மூன்றனுள்ளும் வேதியராகிய பண்ணைத் தலைவர் எவரும் வாரார்.

வாராமை மாத்திரமன்று, வருதற்கு இடமுமில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியிலே ஊரவர் பறைத்தொழிலுக்கென விட்ட நிலமே நந்தனார்க்கு உணவுரிமையாயிற்று என்று சேக்கிழார் தெளிவாகக் கூறுகின்றார். அந்நிலத்தைப் பறைத்துடவை என்பது அவர் ஆட்சி. துடவை என்பது விளைநிலம். ஊர்த் தொழில் செய்வார்க்கு ஊர்ப்பொதுவினின்று நிலம் விடுதல் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் பரக்கக் காணப்படும் வழக்கமே. அத்துடவையின் பயனைக் கொண்டு வாழ்ந்து, சிவாலயங்களிலுள்ள பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தனர் என்பது புராணம். ஆகவே சேக்கிழார் காட்டும் நந்தனார் ஒருவர்க்கு ஆட்பட்டு விடைபெற்றே அடியெடுத்து வைக்கவேண்டிய பண்ணையாளர் அல்லர். தம் குலத்தொழிலைத் தாமே சிவத்தொண்டாக ஆக்கிக்கொண்ட தொழிலாளர். திருக்கோயிலின் உள்ளே செல்லாதவர் கொடுத்த தோலே உள்ளே முழங்கிற்று, அவர் கொடுத்த நரம்பே உள்ளே இசைத்தது. இந்நயத்தைச் சேக்கிழார் வாய்விட்டு விளக்கிலர். விளக்காமலே விளங்க வைத்தல் அவர் முறை.

புலைப்பாடியின் வருணனையை ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். பழங்கூரைகளின் மேற் படர்ந்த சுரைக்கொடி, உழத்தியர் தோலின்மேல் மகவை உறக்கும் மருதநிழல், கோழிப்பெடை அடங்கிக் கிடக்கும் புதைத்த பானைகளையுடைய வஞ்சிநிழல், பறைகள் தொங்கும் மாமரம், ஈன்ற நாய் குட்டிகளோடு கிடக்குந் தென்னையடி, கையில் இரும்புச்சரி அணிந்த கரிய சிறுவர் எனச் சேக்கிழார் ஒவ்வொன்றாக எடுத்தோதுகின்றார். சோழ மன்னனுக்கு அமைச்சராயிருந்து நாட்டின் நிலமெல்லாம் கண்டவர் ஆதலின், சேரியையும் கண்ணாற் கண்டே பாடினார் என்பது எம் துணிபு. காப்பிய மரபில் நகரவருணனைக்கு உரிய அத்துணைப் பொறுமையை ஒரு சேரிக்கு அளித்த புலவர் அவர்க்கு முன் எவர் உளர்? இப்பகுதியைப் படியாதாரே சேக்கிழார் அக்குலத்தை இழித்துப் பாடினார் என்று எளிதிற் கூறுவர். படித்தாரோ, புகழ்வதா இகழ்வதா என்று சிறிது தயங்குவர். அத்தயக்கம் நன்று. ஏனெனில் அவ்வருணனையிலே பரிவும் உண்டு, 'புலை' என்னுஞ் சொல்லும் உண்டு. இரண்டனுள் ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுதல் உரைகாரர் செயலாகாது.

இனி, திருநாளைப்போவார் என்னும் பெயர்க்காரணத்தை நோக்குக. இவ்விடத்தேதான் இருநூலும் பெரிதும் வேறுபடுகின்றன. படிப்போர் பெரிதும் இழப்பதும் இவ்விடத்தேதான். புராணத்தில் நந்தனாரைத் தில்லைக்குச் செல்லாமல் தடுப்பார் ஒருவருமிலர். தில்லை சேர வேண்டுமென்னுங் காதல் எழுகின்றது. அன்றிரவு கண் துயிலார். பொழுது புலர்ந்தபின், அங்குச் சென்றடைதல் தம் குலத்துக்கு இசையாதென்று தாமே எண்ணி நிற்பர். நின்றபின் காதல் மீண்டும் மிகும். மிகவே, 'நாளைப் போவேன்' என்பர். இங்ஙனமே நாட்கள் கழிகின்றன. ஆகவே 'நாளை' என்பது ஒருவர் உள்ளத்தினுள்ளே அன்பும் குலவொழுக்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் நிலைக்குப் பெயராயிற்று. கீர்த்தனையிலோ 'நாளை' என்பது ஆண்டையின் விடைக்குக் காத்திருத்தலாயிற்று. தடை புறத்தே போய்விட்டது. புறத்தே நிற்குந் தடையை நாடகமாகக் காட்டுதல் எளிது, காண்போர்க்கு உருக்கமும் விரைவிற் பிறக்கும். ஆயினும் அகத்தடையின் கொடுமை புறத்தடையினும் பெரிதன்றோ? பிறர் ஒருவரும் வாய்திறந்து 'வாராதே' என்னாதிருக்கவும், தில்லை எல்லையிலே வேள்விப்புகை கண்டு அஞ்சி நின்று, அல்லும் பகலும் எல்லையையே வலம் வந்து, 'இப்பிறவியன்றோ தடை' என்று நொந்து துயில்கின்ற ஒருவரைச் சேக்கிழார் காட்டுகின்றார். குலவேற்றுமை ஒரு மனிதர் உள்ளத்தில் எத்துணை ஆழத்தில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று பழைய நூல்களில் யாம் கண்டிலேம்.

இவ்வாறு கூறுதலாற் கீர்த்தனையை யாம் குறைத்துரைக்கின்றேம் என்று கொள்ளற்க. கோபாலகிருஷ்ண பாரதியார் தஞ்சைச் சோணாட்டிலே, மாயூரத்துக்கு அணித்தாகிய ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர். இல்லறம் புகாதவர். வேதாந்தப் பயிற்சியும் இசைப்புலமையும் ஒருங்குடையவர். மிராசுதாரர் பண்ணைகளும் அப்பண்ணைகளில் அடிமை போல் உழைத்த குடிகளும் அவர் நாடோறும் கண்ட காட்சி. இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று அரசினர் விதித்தது 1843-ஆம் ஆண்டிலே. விதித்த பின்னும் பண்ணையாள் முறை தஞ்சையில் நெடுங்காலம் ஒழியவில்லை. அந்நிலையில் அந்தண குலத்துப் பிறந்த ஒருவர், அந்தணரான பண்ணைத் தலைவர் ஒருவரைப் படைத்து, ஆருத்திரா தரிசனத்துக்கு விடை கேட்ட ஏழையை அவர் வைது மறுப்பதாகவும், நாற்பது வேலி நிலத்துப் பயிர்த்தொழிலை முடித்துப் போ என்பதாகவும், சிவகணங்கள் ஓரிரவில் அதனை முடித்ததாகவும், மறுநாள் அத்தலைவரே நந்தனார் அடியில் வீழ்ந்ததாகவும் பாடினார் எனின், அஃது எளிய செயலன்று. சேரியிலுள்ள முதியோர் நந்தனாரைத் தெருட்ட முயலும் பகுதியும், நொண்டிச்சிந்து முதலிய நாட்டு மெட்டுக்களும் அந்நிலத்து மக்கள் வாய்மொழியிலிருந்து எடுக்கப்பட்டன போலும் இயல்பாய் உள்ளன. இவையெல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆதனூரைக் காட்டுவன அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஞ்சையைக் காட்டுவன. அவ்வகையிற் கீர்த்தனை தன் காலத்துக்கு உண்மையுடையதே. சித்தாந்த நோக்குடையார்க்கு அதன் வேதாந்தச் சாயல் ஆங்காங்கு உறுத்தும். அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

இக்கீர்த்தனையைப் பற்றிப் பெரும்புலவர் ஒருவர் கொண்ட கருத்தின் வரலாறு நம் பொருளுக்கு மிக இயைபுடையது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் எழுதிவைத்திராவிடின் அஃது இறந்துபட்டிருக்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) மாயூரத்தில் இருந்த காலத்து, பாரதியார் தம் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவர்களிடம் சென்றார். பிள்ளையவர்கள் சேக்கிழார்பாற் பேரன்புடையவர்கள். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடியவர்கள். மூலத்துக்கு மாறாகக் கதையை வேறுபடுத்தியிருத்தலும், இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலும் அவர்களுக்கு உடன்பாடில்லை. வெளிப்பட மறுக்கவும் மனமின்றிக் காலந்தாழ்த்தி வந்தனர். பாரதியாரோ பன்முறையும் சலியாது வந்தனர். ஒரு நாள் திண்ணையில் இருந்தபடியே அவர் தம் கீர்த்தனைகளைத் தம்முள் உருகிப் பாட, உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் கசிந்து, வெளிவந்து, சிறப்புப்பாயிரம் அளித்தனர் என்பது வரலாறு.

இதனைக் கூறுவார் பலரும், 'இசை இலக்கணத்தை வென்றது' என்றும், 'பண்டிதர் செருக்கு அடங்கியது' என்றும் முடிப்பர். அம்முடிபு எமக்கு உடன்பாடன்று. பிள்ளையவர்கள் முன்னர்க் கண்ட வழுக்கள் பின்னர் வழுவல்லவாய் விட்டனவா? இல்லை. கதை மூலத்தோடு ஒத்துவிட்டதா? இல்லை. மாறியது யாது எனின், நூலை எவ்வகையது என்று கொள்வது என்பதே. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவர். முதனூலின் முடிபை ஏற்று நடப்பது வழிநூல். சிறிதே ஒத்துப் பெரிதும் திரிபுடையது சார்புநூல். அதனைப் புடைநூல் என்றலும் உண்டு. கீர்த்தனையைச் சேக்கிழாரின் வழிநூலாகக் கொண்டு நோக்குவார்க்கு அது வழுவே. புடைநூலாகக் கொண்டு நோக்குவார்க்குத் திரிபு அதன் இலக்கணமேயாம். திண்ணையிற் கேட்ட பொழுது பிள்ளையவர்கள் செவிக்கு அது புராணத்தின் நகலாகத் தோன்றாது, தானே ஒரு பொருளாகத் தோன்றிற்று என்பது எம் கருத்து. நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் வழூஉச்சொற் புணர்த்தலும் மற்றொன்று விரித்தலும் கீர்த்தனைக்கு உண்டு. ஆயின் அப்பத்தின் இறுதியில் நிற்பது 'நின்று பயனின்மை'. அக்குற்றத்தை இக்கீர்த்தனைமேல் எவரும் சாற்றவியலாது. ஒன்பதும் இன்றி இஃதொன்றுடைய நூல்கள் எத்துணை அச்சேறி மறைந்தன என்பதை நூலகத்தார் அறிவர்.

பிள்ளையவர்கள் கருத்து இருமுறையும் நூலோடு நேர்பட்டு எழுந்த கருத்து என்பதே ஈண்டுக் கருதற்பாலது. முன்னர்ப் படித்து வெறுத்தனர், பின்னர்க் கேட்டு விரும்பினர். இடையில் பிறர் சொற்கேட்டு ஒன்றுஞ் செய்திலர். சிறப்புப்பாயிரம் அளித்தல் அக்காலத்து இலேசான செயலன்று. தம் பெயரை அந்நூலோடு பிணித்துக் கொள்ளுதலாகும். இக்காலத்து அணிந்துரைகள் பல, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மாற்றி வைத்தால் வேறு எந்நூலுக்கும் பொருந்துமாறு இருத்தலைக் காண்போர், அவர்கள் காலந்தாழ்த்திய நாட்களின் அருமையை உணர்வர்.

கீர்த்தனை அச்சேறிய பின் கதாகாலட்சேபம் செய்வார் அதனை மேற்கொண்டனர். மேடை நாடகத்தார் மேற்கொண்டனர். பின்னர்த் திரைப்படத்தாரும் மேற்கொண்டனர். 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த நந்தனார் படத்திலே கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட நந்தனார் படத்திலே எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் பாடி நடித்தார். திருமுறை இசையிற் கைவந்தவர் தேசிகர். அவர் குரலிற் கேட்டார்க்கு, கேட்டதெல்லாம் திருமுறையே என்று தோன்றியதில் வியப்பில்லை. இவ்வாறு வேதியர் சரிதத்தினுள் குடிபுகுந்தார். சேக்கிழார் கூறிய பறைத்துடவை மறைந்தது. காந்தியடிகளும் நந்தனாரை அறப்போர் வீரராக எடுத்துப் பேசினர். அவர்கள் கேட்டறிந்ததும் பண்ணையில் வருந்திய நந்தனார் சரிதமே ஆதல் வேண்டும்.

பிற்கால எழுத்தாளர் கருத்துக்களையும் இம்முறையிலே பகுத்தறிதல் வேண்டும். அயோத்திதாச பண்டிதர் நந்தன் பௌத்த அரசன் என்று தம் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் வேறொரு வரலாறு வகுத்தனர். புதுமைப்பித்தன் 1934-இல் 'புதிய நந்தன்' என்னுஞ் சிறுகதை வரைந்து, பழைய நந்தனார்க்குப்பின் ஆதனூரில் யாது மாறியது என்று வினவினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்னும் நாடகத்திலே, மேற்குலத்தார் கூடிச் சூழ்ச்சி செய்து நந்தனைத் தீயில் வீழ்த்தினர் என்று அமைத்தனர். இவையெல்லாம் புதுவதாகப் புனைந்த ஆக்கங்கள்; பாரதியார்க்கு அளித்த உரிமையை இவர்க்கு மறுத்தல் நடுவுநிலைமை ஆகாது. சைவர் சிலர் பாரதியாரின் திரிபைத் தலைமேற் கொண்டு, இவர்தம் திரிபை மாத்திரம் கண்டிப்பர். ஒன்று கண்ணீர் வருவிக்கின்றது, மற்றொன்று சினம் வருவிக்கின்றது என்பதன்றி நூன்முறையால் வேற்றுமை யாது? ஆயின் நாடகத்தைக் கண்டெழுந்த ஒருவர், 'சேக்கிழார் ஒரு கொலையை மறைத்துப் பாடினார்' என்று துணிந்து எழுதுவாராயின், அவரை நோக்கிச் சான்று யாது என வினவுதல் நம் கடமை. புராணத்துக்கு முற்பட்ட நூலாகிய திருவந்தாதியில் தீயே இல்லையே! இல்லாத தீயில் எவர் எவரைத் தள்ளினர்? நாடகம் நாடகமாக நிற்கலாம், வரலாறாக நிற்றற்கு அதற்குக் காலில்லை.

இனி, நம்மவர் கூறுஞ் சமாதானங்களையும் விடுதற்கில்லை. சேரியும் புலையும் தீயும் இக்காலத்தார்க்கு இடறாகும் என்று கருதி, நந்தி என்பது ஆணவமலம், அது விலகியது மலபரிபாகம், தீ என்பது ஞானத்தீ, புலை என்பது பாசம் எனச் சரிதம் முழுவதையும் தத்துவமாக உருக்கி வார்ப்பார் உளர். உட்பொருள் காண்டல் நன்றே. சைவ சித்தாந்தம் பயின்றார் அதனைக் காணாதிரார். ஆயின் உட்பொருள் கண்டார் புறப்பொருளை அழித்தற்கு உரிமை பெற்றிலர். மாமரத்தில் தொங்கிய பறை எத்தத்துவம்? தென்னையடியிற் கிடந்த நாய்க்குட்டி எம்மலம்? சேக்கிழார் ஓர் ஊரையும் ஒரு மனிதரையும் பாடினார். அம்மனிதரைப் புகையாக்கி விட்டு அப்புகைக்குத் தூபம் காட்டுதல் அவர்க்குச் செய்யும் வழிபாடன்று. வேறு சிலர், சேக்கிழார்க்குச் சாதிநோக்கே இல்லை என்று ஒரே சொல்லில் முடிப்பர். அதுவும் நூலுக்கு மாறு. 'இப்பிறவி நீங்க எரியில் மூழ்கி, முப்புரிநூலணிந்த மார்பரோடு வருக' என்னுங் கருத்துப்பட இறைவன் கனவிற் பணித்ததாகச் சேக்கிழாரே பாடுகின்றார். தீயினின்றெழுந்த திருவுருவுக்கு வெண்ணூலும் சடைமுடியும் கூறுகின்றார். புராண இறுதியில் விடப்பட்ட உடம்பை மாசுடம்பு என்கின்றார். மாயையிற் றோன்றிய எவ்வுடம்பும் மாசுடம்பே என்று சித்தாந்தப்படி உரை கூறலாம். கூறினும், அச்சொல் மூவாயிரவர் உடம்புக்குச் சொல்லப்படாமல் இவர் உடம்புக்கே சொல்லப்பட்டதேன் என்னும் வினா நிற்கும். தம் காலத்து வருண முறையைச் சேக்கிழார் மறுத்து எழுதினாரல்லர். இதனை ஒளித்தற்கு நமக்கு யாதொரு காரணமுமில்லை. நாம் ஒளிப்பதனை இளைஞர் தாமே கண்டெடுத்து நம் முன் வைக்கும் நாளில், நாம் கூறிய பிறவற்றையும் அவர் நம்பார்.

ஆயினும் அம்முறைக்குள்ளே நின்று சேக்கிழார் செய்தது யாது என்பதையும் சொல்லெண்ணிப் படித்தல் வேண்டும். புராணத்தில் இறைவன் கனவில் இருதிறத்தார்க்கும் தோன்றுகின்றார். நந்தனார்க்கு உரைத்தபின், தில்லைவாழந்தணர்க்கும் எரியமைக்கப் பணிக்கின்றார். விழித்தெழுந்த அந்தணர் அம்பலவர் திருவாயில் முன் அச்சத்தோடு கூடுகின்றனர், பின் நந்தனாரைத் தேடி வருகின்றனர். அவரை வருவித்தாரல்லர், தாமே எல்லைக்கு வந்தனர் என்பது நினைவில் இருத்தற்குரியது. வந்து அவரை விளிக்கும் விளியோ 'ஐயரே' என்பது. இன்னும் தீ மூட்டப்படவில்லை. பழைய உடம்பு அப்படியே உள்ளது, தோலும் நரம்பும் கொடுத்த கை அப்படியே உள்ளது. புலைப்பாடியிலிருந்து வந்தவராய்ப் புறமதிற்கு வெளியே நிற்கும் அவரை நோக்கி மூவாயிரவர் கூறுஞ் சொல் 'ஐயரே'. சேக்கிழார் நினைத்திருப்பின் அவ்விளியைத் தீயினின்று எழுந்தபின் வைத்திருக்கலாம். அங்கு வைத்திருப்பின் யாவர்க்கும் எளிதாயிருக்கும், வருணமுறையும் வழுவாதிருக்கும். அவர் அங்கு வைத்திலர், முன்னரே வைத்தனர். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுமாறு சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதிக்கின்றது. மெய்கண்டார் சேக்கிழார்க்குப் பிற்பட்டவரெனினும், அவ்விதி கூறும் ஒழுக்கம் இவ்வொரு விளியில் முன்னரே நிகழ்ந்து காட்டப்பட்டுள்ளது. தூய்மை தீயினாற் பெறப்பட்டதாயின், தீக்கு முன் அவ்விளிக்கு இடமேது? தூய்மை முன்னரே உளதாயின், தீ எதன்பொருட்டு? இவ்விரு வினாவையும் ஒருங்கே எழுப்புமாறு சொல்லை வைத்துச் சேக்கிழார் விடைகூறாது செல்கின்றார். அவர் உரைகாரருள் இவ்விளியில் நின்று பேசினார் மிகச் சிலரே. கீர்த்தனையில் ஆண்டை காலில் வீழ்ந்ததை நினைந்து உருகுவார் பலர், புராணத்தில் மூவாயிரவர் விளித்த ஒரு சொல்லைக் கண்டார் அரியர்.

தெற்குத் திருமதில் வாயிலின் முன்னே எரி அமைக்கப்படுகின்றது. நந்தனார் எரியை வலங்கொண்டு, கைகூப்பி, இறைவன் கழலையுன்னிப் புகுகின்றார். முனிவராய் எழுகின்றார். அந்தணர் கைதொழுகின்றனர். உடன்வரக் கோபுரத்தைத் தொழுது உட்சென்று, ஆடல் நிகழும் எல்லையை அடைகின்றார். அதன்பின் அவரைக் கண்டார் எவருமில்லை. இருந்த உருவை மூவாயிரவரும் தேடி வியந்து நிற்கின்றனர். அவர் அங்குப் பெற்ற இன்பம் இத்தகைத்து என்று ஒரு சொல்லும் இல்லை. பேரின்ப நிலையைப் பாடிப் பாட்டுக்களைப் பெருக்க வாய்ப்பிருந்தும் சேக்கிழார் பெருக்கவில்லை. இறுதித் திருவிருத்தத்தின் பிற்பாதியிலேயே, காஞ்சிபுரத்து அடியார்களின் ஆடையை ஒலித்துக் கொடுத்த திருக்குறிப்புத்தொண்டர் திறத்துக்குச் சென்றுவிடுகின்றார்.